உங்கள் மணை எந்த வாசலில், மாமா?

காலையில் உங்கள் மணையைப் பரணிலிருந்து இறக்கினேன், மாமா. இன்று உங்கள் முதல் திதி. படத்தை நாற்காலியில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். உங்கள் பெரிய மகன் கேட்கவில்லை. "அப்பா உட்கார்ந்த மணைலதான் அப்பா படம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷத் தூசியை ஈரத்துணியால் துடைத்துத் தரையில் வைக்கும்போது கை தவறி, 'டொக்' என்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் அடுப்படியில் நின்ற அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். உங்கள் வீட்டுக்கு வாழ வந்த இரண்டு மருமகள்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், ஒரு பலகைச் சத்தத்துக்கு இன்னமும் இப்படி ஆகிறோம்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "நாக்கு தெரிஞ்ச மனுஷன்மா உங்க மாமனார். பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினாலும் வாசல்லயே கண்டுபிடிச்சிடுவாரு." நான் தலையை ஆட்டிக்கொண்டு காபி கொடுத்தேன். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். படிக்க உங்களுக்கு வழியில்லை என்பது ஒரு வசதி.

மாமியார் போன பிறகு அடுப்பைப் பிரித்தது நீங்கள்தான். நாங்கள் கேட்கவில்லை. ஒரே அடுப்படியில் நானும் அக்காவும் ஒருத்தி அரைக்க, ஒருத்தி தாளிக்க என்று நன்றாகத்தான் இருந்தோம். நீங்கள் ஒரு நாள் முற்றத்தில் நின்று, "ரெண்டு பொம்பளை ஒரு அடுப்புல நின்னா ருசி எங்கேருந்து வரும்? தனித்தனியா வையுங்க" என்றீர்கள். முற்றத்துக்குக் கிழக்கே இருந்த பழைய சமையலறை அக்காவுக்கு. மேற்கே விறகு அடுக்கியிருந்த அறையை ஒழித்து எனக்கு. மத்தியானச் சாப்பாடு எப்போதும் மூத்தவள் கையால் என்பது முறை. போட்டி ராத்திரிக்குத்தான்.

பெரிய கடைவீதிப் பாத்திரக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பீர்கள். நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நிற்பீர்கள். முதலில் கிழக்கே பார்த்து, "ராத்திரிக்கு என்னம்மா?" அக்கா உள்ளேயிருந்து சொல்வாள். அப்புறம் மேற்கே பார்த்து அதே கேள்வி. நான் சொல்வேன். நீங்கள் நல்லது என்றும் சொல்ல மாட்டீர்கள், கெட்டது என்றும் சொல்ல மாட்டீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவீர்கள். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்து, தூணில் மாட்டியிருக்கும் பலாமரத்து மணையை எடுத்து, எங்கள் இரண்டு வாசலில் ஒன்றுக்கு முன்னால் போடுவீர்கள். 'டொக்.' அவ்வளவுதான் தீர்ப்பு.

எந்தப் பக்கம் மணை விழுந்ததோ, அந்தப் பக்கத்து மகனுக்கு மறுநாள் கடையில் முகம் கொடுத்துப் பேசுவீர்கள். இன்னொருத்தருக்கு நாள் முழுக்க எரிச்சலும் ஏச்சும். அந்த ஏச்சை அவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து என் மேலோ அக்கா மேலோ இறக்குவார். "அப்படி என்னத்தைத்தான் சமைச்சே?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத வாரம் கிடையாது. ஒரு குழம்புக்காக நான் அழுத அழுகையை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அக்காவை முதலில் கேட்பதால் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவள் வெண்டைக்காய் சாம்பார் என்றால், நான் வாயெடுப்பதற்குள் யோசித்து எண்ணெய்க் கத்திரிக்காய் என்பேன். ஆறு மாதத்தில் அவள் அதைப் பிடித்துவிட்டாள். நாலு மணிக்கு மிளகு ரசம் என்று ஏழை மாதிரி சொல்லுவாள், ஏழு மணிக்குக் கிழக்கேயிருந்து வடை வாசனை வரும். நானும் கற்றுக்கொண்டேன். கீரை என்று சொல்லிவிட்டுப் பிடிகருணை வறுத்தேன். ஒரே முற்றத்தில் பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு, சட்டிக்குள் என்ன கொதிக்கிறது என்று ஒருத்திக்கொருத்தி பொய் சொன்னோம். ஒரு நாள் அவள் வந்துவிடுவாளோ என்று நான் சட்டியை மூடி அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். அப்படி ஒரு பைத்தியக்காரி ஆனேன் உங்கள் வீட்டில்.

ஆனாலும் அன்றைக்கெல்லாம் உங்கள் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மனுஷன் முசுடு, ஆனால் நாக்கு பொய் சொல்லாது. எது நன்றாக இருக்கிறதோ அங்கேதான் உட்காருவார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஏமாந்தேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. ஒரு காலை நேரம் என் பிறந்த ஊர் ஜீயபுரத்திலிருந்து எங்கள் பக்கத்து வயல்காரர் வந்து கொல்லைக் கதவைத் தட்டினார். "அம்மாவுக்கு முந்தாநாள் இடது பக்கம் இழுத்துக்கிச்சும்மா. பேச்சு நல்லா இருக்கு. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்கக் கும்பகோணம் போயிருந்தார். வர மூன்று நாள் ஆகும். கேட்க வேண்டியது உங்களிடம். நீங்கள் மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "சாயங்காலம் பார்க்கலாம்" என்று சாப்பிடப் போய்விட்டீர்கள்.

நாலு மணிக்கு முற்றத்தில் வந்து நின்றீர்கள். அக்கா, "மிளகு ரசம், கத்திரிக்காய்ப் பொரியல் மாமா" என்றாள். என் பக்கம் திரும்பி, "ராத்திரிக்கு என்னம்மா?"

"பருப்பு உருண்டைக் குழம்பு, மாமா. அப்புறம் ஜீயபுரம்..."

"சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். என் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டால் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே கேட்கலாம், வயிறு நிறைந்த மனுஷன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்று கணக்குப் போட்டேன். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் ஊறப்போட்டு, கொரகொரப்பாக அரைத்து, சோம்பும் கறிவேப்பிலையும் பிசைந்து உருட்டினேன். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது உருண்டையை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கொதி அடங்கினால் கரைந்து கூழாகிவிடும். அன்றைக்கு ஒரு உருண்டை கரையவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நன்றாக நான் எதையும் சமைத்ததில்லை. மாற்றுப் புடவையைத் துணிப்பையில் வைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். காலை முதல் பஸ்ஸில் பாலம் தாண்டி டவுனுக்குப் போய், அங்கே கரூர் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அம்மாவிடம் இருப்பேன்.

எட்டு மணிக்கு மணை கிழக்கே விழுந்தது.

அங்கே மிளகு ரசம் இல்லை. மோர்க்குழம்பும் வாழைப்பூ வடையும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மானத்தை விட்டுக் கேட்டேன். "மாமா, அம்மாவுக்கு முடியலை, காலைல முதல் பஸ்ல போயிட்டுச் சாயங்காலமே வந்துடறேன்." நீங்கள் வடையைப் பிட்டு மோர்க்குழம்பில் தோய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "சாப்பிடறப்ப என்ன பேச்சு? அவன் வரட்டும்" என்றீர்கள். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றாள். அவள் முதுகை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை. உருண்டைக் குழம்பை இரண்டு நாள் சுட வைத்துச் சுட வைத்து நானே தின்றேன்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வந்தார், நாலாம் நாள் போனோம். அம்மா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்தாள், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நேத்துப் பொழுது சாயற வரைக்கும் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. ராத்திரி இன்னொரு தடவை இழுத்துடுச்சு. 'அவ வந்தா ராத்திரிக்கு என்ன சமைக்கறது, என்ன சமைக்கறது'ன்னு என் உசுரை எடுத்தாங்க. 'வந்ததும் அவளையே கேளுங்க அத்தை'ன்னு நான்தான் சொன்னேன்." அம்மா அதற்கப்புறம் எட்டு மாதம் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஏன் கிளம்பிப் போகவில்லை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நானே கேட்டுக்கொள்கிறேன். நடந்தாவது போயிருக்கலாம். மருமகள் கேட்காமல் வாசல் தாண்டினால் திரும்ப உள்ளே விடுவீர்களா என்று பயந்தேன். அந்தப் பயத்தை எனக்குள் நன்றாக ஊற வைத்திருந்தீர்கள். என் அம்மாவின் பதினாறாம் நாள் விருந்துக்குப் பட்டுக்கரை வேட்டியோடு வந்தீர்கள். பந்தியில் உட்கார்ந்து, "சாம்பார்ல உப்புக் கம்மி" என்றீர்கள். ஜீயபுரத்தில் அதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அக்காவோடு நான் பேசவில்லை. ரசம் என்று சொல்லிவிட்டு மோர்க்குழம்பு வைத்து என் வாயில் மண்ணைப் போட்டவள் அவள் என்றே இருந்தேன். கிணற்றடியில் அவள் குடம் இருந்தால் என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். உங்களுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. சண்டை முற்ற முற்ற உங்கள் சாப்பாடு ருசியானது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், நீங்கள் குறட்டை விட்டுத் தூங்கும் நேரம், அவள் என் வாசலில் வந்து நின்றாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. "எண்ணெய்ச் சட்டி சாஞ்சிடுச்சுடி. கையை வைக்க முடியலை. அடைக்கு ஊறப்போட்டிருக்கேன், அரைச்சுக் குடுப்பியா?" என்றாள். அவள் உதடு துடித்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. இரண்டு வருஷத்துக் கோபம்தான் வந்தது.

"ஏன், மிளகு ரசம்னு சொல்லிட்டு மோர்க்குழம்பு வைங்களேன். அதுல கைகாரியாச்சே நீங்க" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்த நாள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு மாமா மத்தியானம் சாப்பிடறப்பவே எங்கிட்ட சொல்லிட்டாருடி. 'ராத்திரி நான் இங்கதான் உட்காருவேன். மோர்க்குழம்பும் வாழைப்பூ வடையும் வை. அவகிட்ட ரசம்னு சொல்லிக்கோ'ன்னாரு. ஏன்னு நான் கேட்கலை. நம்மளத்தானே கேட்கறாருன்னு சந்தோஷமா இருந்துச்சு. உங்கம்மாவுக்கு முடியலைங்கிறதே நீ தூண்கிட்ட வந்து கேட்டப்பத்தான் எனக்குத் தெரியும். அப்ப திரும்பிப் பார்க்க எனக்கு மூஞ்சி இல்லை."

ஆக, நான் பருப்பை ஊறப்போடும் முன்பே உங்கள் மணை கிழக்கே விழுந்துவிட்டது. நான் அங்கே உட்கார்ந்து உருட்டி உருட்டிப் போட்டேன். என் கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பாயசம் வருவதற்குள் தீர்ந்துபோனது என்று என் அம்மா மேல் உங்களுக்கு ஒரு குறை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். அதற்குத்தானா, இல்லை என்னைக் காக்க வைத்துப் பார்ப்பதில் ஒரு சுகமா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் உங்களை நான் மன்னிக்கவில்லை.

அன்றைக்கு அடைக்கு நான்தான் அரைத்தேன். இரண்டு அடுப்புக்கும் சேர்த்து அரைத்தேன். நாலு மணிக்கு நீங்கள் கிழக்கே பார்த்துக் கேட்டீர்கள். "அடை, மாமா." மேற்கே பார்த்துக் கேட்டீர்கள். "அடை, மாமா." துண்டை ஒரு தடவை உதறிவிட்டுப் போனீர்கள். மறுநாள் வெந்தயக் குழம்பு, வெந்தயக் குழம்பு. மூன்றாம் நாள் பூசணிக்காய்க் கூட்டு, பூசணிக்காய்க் கூட்டு. தினமும் மூன்று மணிக்கு நீங்கள் தூங்கும்போது கொல்லைப் பக்கம் போய் நானும் அவளும் நிஜத்தைச் சொல்லிக்கொண்டோம். என்ன காய் இருக்கிறது, யார் அரைப்பது, யார் தாளிப்பது என்று பேசினோம். ஒரே அம்மியில் அரைத்த மசாலாவை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போனோம்.

நாலாம் நாள் ராத்திரி மணையைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றீர்களே, அது என் வாழ்நாளின் சந்தோஷங்களில் ஒன்று. இந்தப் பக்கம் ஒரு அடி வைத்தீர்கள், மூக்கை உறிஞ்சினீர்கள். அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தீர்கள். இரண்டு வாசலிலும் ஒரே வாசனை. "என்னம்மா விளையாடுறீங்களா?" என்று கத்தினீர்கள். "என்ன மாமா குறை? உப்புக் கம்மியா?" என்று அக்காதான் கேட்டாள். எனக்கு அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மறுநாளிலிருந்து ஒரு வாரம் டவுனில் ஏதோ ஓட்டலில் சாப்பிட்டீர்கள். வயிறு கெட்டுத் திரும்பி வந்து, பேசாமல் மணையை நடு முற்றத்தில் போட்டு உட்கார்ந்தீர்கள். நாலு மணிக் கேள்வி அதோடு நின்றது. அடுப்பும் அந்த ஆடியில் ஒன்றானது.

போன வருஷம் நீங்கள் படுத்த பிறகு இரண்டு மாதம் நானும் அவளும் மாற்றி மாற்றிக் கஞ்சி ஊட்டினோம். ஒவ்வொரு கரண்டிக்கும் காத்திருந்தேன், மாமா. ஜீயபுரம் என்று ஒரு சொல் சொல்வீர்கள் என்று. 'நான் செஞ்சது தப்பு' என்று நீங்கள் சொல்லக்கூட வேண்டாம். அந்த ஊர்ப் பெயர் போதும் என்று நினைத்தேன். கடைசியாக என்னிடம் நீங்கள் சொன்னது, "சூடு ஆறிப்போச்சு."

இன்றைக்குப் படையலுக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் செய்ய வேண்டும் என்றார்கள். மோர்க்குழம்பு, வாழைப்பூ வடை, பாயசம் எல்லாம் செய்தோம். யாரும் கேட்காமல் நான் பருப்பு உருண்டைக் குழம்பும் வைத்தேன். அரிசித் தட்டுப்பாட்டில் கிடைத்தது ரேஷன் அரிசி. அந்தச் சோற்றைத்தான் உங்களுக்குப் போட்டோம். உங்கள் மகன்கள் மட்டும் மாறவில்லை. காக்காய்க்குத் தனித்தனி இலைதான் வைக்க வேண்டும், ஆளுக்கு ஒன்று என்று இரண்டு பேரும் பிடிவாதம். மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இலை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காய்ந்தது. காக்காய் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. நீங்கள் தொடாமல் யாரும் சாப்பிடக் கூடாதாம். செத்த பிறகும் எங்களைக் காக்க வைத்தீர்கள்.

உறவுக்காரம்மா ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "உங்க மாமாவுக்கு உன்கிட்ட ஏதோ மனக்குறை இருக்கு. மன்னிச்சுக்கங்கன்னு மனசார ஒரு வார்த்தை கேளு, வந்துடுவாரு."

"அவருக்குப் பசிச்சா வருவாரு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அக்கா ஏற்கெனவே பிள்ளைகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஓடி வந்தார். நாற்பது வயசு மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா வந்துட்டாரு! நம்ம இலையிலதான் வாய் வச்சாரு! அண்ணன் இலையைத் தொடக்கூட இல்லை!"

"ரெண்டும் ஒரே பானையில வடிச்ச சோறுதாங்க" என்றேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது மணி நாலு. எல்லோரும் படுத்திருக்கிறார்கள். மணையைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன். அக்கா இப்போதுதான் வந்து, "ராத்திரிக்கு என்னடி பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மிச்சமே போதும் என்று சொன்னேன். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. உங்களுக்கும் அப்படித்தான், எத்தனையோ நாலு மணிக்கு நிஜமும் பொய்யுமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்டு நான் சொல்லாமல் விட்ட நாள் ஒன்று கிடையாது. என் அம்மா கேட்டதற்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. என்ன சமைக்கட்டும் என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டு கிடந்தாளே, அவளுக்குச் சொல்ல வேண்டியது இத்தனை வருஷமாக என் வாயிலேயே இருக்கிறது. கீரையும் மோரும் போதும்மா. நீ உட்காரு, நான் செய்யறேன்.